சிறு செலவில் சீரான மிதிவண்டி

மிதிவண்டியை ஏழையின் வாகனம் என்பார்கள். நம் பகுதியில் அதைப் படிக்கும் பெண்ணின் கால் என்று சொல்வதே பொருத்தம். கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையே, கரிசல் காட்டின் நடுவே இருக்கிறது நம் இளையரசனேந்தல். சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு நினைத்த நேரமெல்லாம் பேருந்து வருவதில்லை. வண்டி ஓடினால் பள்ளி உண்டு. வண்டி படுத்தால் விடுப்புதான். ஆகவே, கையில் உள்ள சிறு தொகையைக் கொண்டு மிதிவண்டியைப் பேணுவது எப்படி, மேம்படுத்துவது எப்படி என்பதை இங்கே காண்போம்.

பெண்களும் மிதிவண்டியும்

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்க வந்த பெண்கள் மிதிவண்டி ஓட்டவும் கற்றார்கள். அவ்வாறு கற்றவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடப்பட்டது. பெண்களுக்கான வண்டிகள் போதிய அளவு கிடைக்காதபோது அவர்கள் சோர்ந்துவிடவில்லை. ஆண்கள் வண்டியையே வாங்கி, அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைத்து ஓட்டினார்கள். கிடைத்த வண்டியைத் தமக்கேற்றதாக ஆக்கிக்கொண்ட அந்தத் தாய்மார்களே இந்தப் பாடத்தில் நமக்கு முதல் ஆசிரியர்கள்.

தமிழக அரசு 2001-02இல் மேல்நிலை வகுப்பில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. 2005-06 முதல் மற்ற மாணவ மாணவியர்க்கும் அத்திட்டம் விரிந்தது. பீகார் மாநிலத்தில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்கு மிதிவண்டித் திட்டம் வந்தபின், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடினார்கள் என ஆய்வாளர்கள் கண்டனர். பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் பலன் மிகுதி.

ஆனால், வண்டி கிடைப்பது ஒரு நாள். அதைக் காப்பது ஒவ்வொரு நாளும்.

செலவுக்கு ஒரு வரிசை

ஐம்பது ரூபாய் கையில் இருந்தால் கைப்பிடிக்குக் குஞ்சம் வாங்கத்தான் மனம் ஓடும். அது தவறான வரிசை. முதலில் வண்டி நிற்க வேண்டும், அடுத்து உருள வேண்டும், பிறகு உடம்புக்குப் பொருந்த வேண்டும், அழகு கடைசியில். இந்த வரிசை மாறாமல் செலவிட்டால் பழைய வண்டியும் புது வண்டியாகும்.

1. நிற்க: பிரேக் கட்டை தேய்ந்து, இரும்பு ரிம்மில் உரசும்வரை காத்திருக்கக் கூடாது. கட்டை மலிவு, ரிம் விலை அதிகம். ரிம்மில் எண்ணெய் படவே கூடாது. மழையில் நனைந்த இரும்பு ரிம்மைப் பிரேக் எளிதில் பிடிக்காது. ஆகவே, மழை நாளில் வழக்கத்தைவிட முன்னதாகவே பிரேக்கை அழுத்தத் தொடங்க வேண்டும்.

2. உருள: காற்று இறங்கினால் உடனே பஞ்சர் என்று முடிவு கட்ட வேண்டாம். வால்வின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால், உள்ளே இருக்கும் சிறு ரப்பர் வால் டியூப் கெட்டிருக்கிறது என்று பொருள். அதன் விலை ஒரு தேநீரின் விலைகூட இராது. நம் பாதைகளில் சீமைக் கருவேல முள் மிகுதி. பஞ்சர் ஒட்டியபின் டயரின் உட்புறத்தைத் துணியால் மெல்லத் தடவி, ஒடிந்த முள் நுனி இருக்கிறதா என்று பார்த்தே டியூபை மாட்ட வேண்டும். இல்லையேல் மறுநாளும் அதே இடத்தில் துளை விழும்.

செயினைத் தேய்மானம் அறிந்து மாற்ற வேண்டும். இதற்கு ஓர் அடி ஸ்கேலே போதும். செயினின் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் சரியாக அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகள் 12 அங்குலம் இருக்க வேண்டும். அதற்கு மேல் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மாற்றலாம். எட்டில் ஒரு பங்கு நீளும்வரை விட்டுவைத்தால் பல் சக்கரமும் பிரீவீலும் சேர்ந்து தேய்ந்துவிடும். ஒரு செலவு மூன்று செலவாகும்.

செயினை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மிகுந்ததைத் துடைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் தலைக்கு நல்லது, செயினுக்கு ஆகாது. கரிசல் தூசியோடு சேர்ந்து அது பிசினாகிவிடும். மழைக்குப்பின் மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே அடைத்துக்கொள்ளும் களிமண்ணை ஒரு குச்சியால் அன்றே எடுத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் கல்லாகிவிடும்.

மிதிக்கும்போது சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்று ஒலி கேட்டால் காட்டர் பின்னைப் பாருங்கள். சிறு பின் அது. அசட்டையாக விட்டால் கிராங்கையே கெடுத்துவிடும். பெடலை நாமே மாற்றலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இடது பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. அதைக் கழற்ற ஸ்பேனரை வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும்.

3. பொருந்த: இதற்குக் காசே வேண்டாம். சீட்டில் அமர்ந்து, குதிகாலைக் கீழே உள்ள பெடலில் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். பலர் சீட்டை மிகத் தாழ்த்தி வைத்து முழங்கால் வலியால் துன்பப்படுகிறார்கள். தாவணி, துப்பட்டா ஆகியவற்றை இழுத்துக் கட்டிக்கொள்வதும், செயின் கவரைக் கழற்றி எறியாதிருப்பதும் பாதுகாப்பு.

4. மேம்படுத்த: ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசும்போது எதிர்த்து மிதிப்பது எவ்வளவு கடினம் என்று நாம் அறிவோம். கியர் வண்டிக்கு ஆசைப்பட வேண்டியதில்லை, கணக்கைப் பாருங்கள். பெரிய பல் சக்கரத்தில் 44 பல், பின்னே பிரீவீலில் 18 பல் என்றால், ஒரு மிதிக்குப் பின்சக்கரம் 2.44 முறை சுற்றும்; 26 அங்குல வண்டி சுமார் 5 மீட்டர் செல்லும். பிரீவீலை மட்டும் 20 பல்லாக மாற்றினால் 2.2 சுற்று; சுமார் நாலரை மீட்டர். வேகம் சற்றுக் குறையும். ஆனால் மிதிப்பதன் பாரமும் பத்தில் ஒரு பங்கு குறையும். எப்படியும் பிரீவீல் தேய்ந்து மாற்றும் வேளையில் இதைக் கேட்டு வாங்கினால் தனிச் செலவு இல்லை. செயின் நீளம் போதுமா என்பதை மட்டும் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பிறகும் காசு மிஞ்சினால் பின்புறத்துக்கு ஒளிரும் பட்டையும், நல்ல மணியும் வாங்கலாம்.

சனிக்கிழமைப் பதினைந்து நிமிடம்

வாரம் ஒருமுறை காற்று, பிரேக், செயின், நட்டு என்ற நான்கையும் பாருங்கள். தளர்ந்த போக்ஸ் கம்பி உண்டா என விரலால் தட்டிப் பாருங்கள். சக்கரத்தின் கோட்டம் எடுப்பதையும், பால்ரஸ் மாற்றிக் கிரீஸ் வைப்பதையும் கடைக்காரரிடமே விட்டுவிடலாம். அதையும் ஆண்டுக்கு ஒருமுறை, கோடை விடுமுறையில், கடையில் கூட்டமில்லாத நாளில் செய்யுங்கள். ஐந்து வீட்டார் சேர்ந்து ஒரு பம்பும், ஒரு ஸ்பேனரும், ஒரு பஞ்சர்ப் பெட்டியும் வாங்கினால் ஒருவர் பங்கு மிகச் சிறிது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மகளின் வண்டியில் தண்ணீர்க் குடமும் உரமூட்டையும் ஏற்றுவது நம் வீடுகளில் நடப்பதுதான். வீட்டு வேலை எல்லோருக்கும் பொது. ஆனால் பின்சக்கரம் கோணினால் அதன் விலையைக் கொடுப்பது வேலை அல்ல, பிள்ளையின் படிப்பு. அண்ணன் ஓட்டிச் சென்றாலும் காலை எட்டு மணிக்கு அந்த வண்டி திண்ணையோரம் நிற்கட்டும்.

மாணவியரே, ஸ்பேனர் பிடிப்பது ஆண்பிள்ளை வேலை என்று யாரேனும் சொன்னால் புதுக்கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். தன் வண்டியைத் தானே சீர்செய்யத் தெரிந்தவள் நடுவழியில் யாரையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. வருகிற சனிக்கிழமையே ஸ்கேலை எடுத்துச் செயினை அளந்து பாருங்கள்.