பௌர்ணமி இரவில் எந்தக் கருவி கைகொடுக்கும்?

மின்னணுக் கருவிகளில் பித்துள்ளவன் திருவண்ணாமலையில் குடியிருந்தால் ஒரு வசதி. புதிதாக வரும் எதையும் சோதித்துப் பார்க்கத் தனி ஆய்வுக்கூடம் வேண்டாம். மாதம் தவறாமல் பௌர்ணமி வருகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் ஒரே இரவில் நடக்கிறார்கள், ஏறக்குறைய அத்தனை பேர் கையிலும் செல்போன். சித்ரா பௌர்ணமியிலும் கார்த்திகை தீபத்திலும் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். அந்த இரவுகளில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும், அழைப்பு மட்டும் போகாது. மேப் பாதியில் நின்றுவிடும். இளநீர்க் கடையில் க்யூஆர் அட்டைக்கு முன்னால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். வார இறுதியில் இங்கிருந்து பர்வதமலைக்கோ ஜவ்வாது மலைக்கோ போனால் நிலைமை தலைகீழ்: நெரிசல் இல்லை, ஆனால் பல வளைவுகளில் டவரே எட்டாது. கூட்டத்திலும் சிக்னல் போகிறது, தனிமையிலும் போகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து நான் வந்திருக்கும் முடிவு இது: வெளியே எடுத்துப்போகும் கருவியை, நெட் இருக்கும்போது அது என்னவெல்லாம் செய்கிறது என்று பார்த்து வாங்கக் கூடாது. நெட் போன பிறகு அதில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்து வாங்க வேண்டும்.

சிக்னல் ஏன் போகிறது என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது; பலர் இதற்குத் தவறான மருந்தைத் தேடுகிறார்கள். திரையில் தெரியும் கோடுகள் டவரின் அலை எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்பதை மட்டுமே காட்டும். நம்மைக் கவனிக்க அந்த டவருக்கு இடமிருக்கிறதா என்பதைக் காட்டாது. ஒரு டவருக்குக் கிடைத்திருக்கும் அலைவரிசை அளவானது, அதை அங்குள்ள எல்லாப் போன்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பேசவோ படம் அனுப்பவோ முனையும் போன் முதலில் டவரிடம் இடம் கேட்கிறது. ஒரே நேரத்தில் பல போன்கள் கேட்டால் கோரிக்கைகள் ஒன்றோடொன்று மோதி வீணாகின்றன. பதில் வராத போன் சற்றுப் பொறுத்து மறுபடியும், இன்னும் வலுவாகக் கேட்கிறது. இதனால் நெரிசலும் கூடுகிறது, பேட்டரியும் கரைகிறது. டவர் இல்லாத மலைப்பாதையிலும் போன் தேடிக்கொண்டே இருந்து சார்ஜை இறக்கிவிடும். கிரிவலத்தில் சார்ஜ் நிற்பதில்லை என்று பெரிய பேட்டரி போன் வாங்குவதைவிட, ஃப்ளைட் மோடில் போட்டுக்கொண்டு நடப்பது அதிகப் பலன் தரும். தகவல் சொல்ல வேண்டியிருந்தால் அந்த மோடை எடுத்துவிட்டு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அழைப்புக்கு விடாமல் இடம் வேண்டும். எஸ்எம்எஸ்ஸுக்கு ஒரு நொடி வழி கிடைத்தால் போதும். பெறுபவரின் போன் அந்த நேரத்தில் எட்டாவிட்டாலும் அது மையத்தில் காத்திருந்து பிறகு போய்ச் சேரும். வாட்ஸப் காலத்தில் எஸ்எம்எஸ்ஸா என்று கேலி செய்கிறவர்கள் தீபத்தன்று மட்டும் கேலி செய்வதில்லை.

இப்படிக் கேட்டு வாங்கும் முறைக்கு நேரெதிராக இன்னொரு முறை உண்டு. ஓரிடத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வேண்டியவர்கள் எத்தனை பேரானாலும் கேட்டுக்கொள்ளலாம். கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு மலையுச்சிக் கொப்பரையில் தீபம் எரிந்ததும், அதைப் பார்த்து ஊரெல்லாம் வீட்டு வாசலில் விளக்கேற்றுகிறார்கள். பார்ப்பவர் ஆயிரமோ பத்து லட்சமோ, சுடருக்கு அதனால் சுமை கூடுவதில்லை. ஜிபிஎஸ்ஸும் இந்த இனம்தான். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. நம் போன் அவற்றிடம் எதுவும் கேட்பதில்லை, வருவதை வாங்கிக் கணக்குப் போடுகிறது. ஆகவே பௌர்ணமிக் கூட்டத்திலும் ஜிபிஎஸ் நெரிவதில்லை. எஃப்எம் ரேடியோவும் அப்படித்தான். 2023-இல் போன்களை ஒரே நேரத்தில் அலறவைத்துச் சோதித்துப் பார்த்தார்களே, அந்தப் பேரிடர் எச்சரிக்கையும் அப்படித்தான்: ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகச் செல்லாமல், டவரின் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போன்களுக்கும் ஒரே தடவையில் போகிறது. போன் அமைப்பில் அதை யாராவது அணைத்து வைத்திருந்தால் தயவுசெய்து திரும்பப் போட்டுவிடுங்கள். கருவி வாங்கும்போது நான் பிரிக்கும் முதல் கோடு இதுதான்: இது கேட்டு வாங்குகிறதா, வருவதை வாங்கிக்கொள்கிறதா, அல்லது வேண்டியதைத் தன்னிடமே வைத்திருக்கிறதா?

ஜிபிஎஸ்ஸை நம்பலாம் என்றதும், மேப் ஏன் நிற்கிறது என்ற கேள்வி வரும். நிற்பது இடம் கண்டுபிடிக்கும் வேலை அல்ல. தெருவும் பாதையும் வரைந்த படம் நெட் வழியாக வராததுதான் காரணம். படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்தால் தீர்ந்தது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் தகவலில் இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மண்ட் போன்ற செயலிகள் இதற்கென்றே இருக்கின்றன. கூகுள் மேப்பிலும் பகுதியைச் சேமிக்கலாம், ஆனால் அது காலாவதியாகும், கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு நுணுக்கம் உண்டு. வழக்கமாக ஜிபிஎஸ் சில நொடிகளில் இடம் காட்டுவதற்குக் காரணம், எந்தச் செயற்கைக்கோள் எங்கே என்ற பட்டியலை நெட் அவசரமாகக் கொண்டுவந்து தருவதுதான். நெட் இல்லாவிட்டால் அந்தத் தகவலைச் செயற்கைக்கோளிடமிருந்தே வாங்க வேண்டும். அது நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் வரும், முழுப் பட்டியலும் வந்து சேரப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். அதனால்தான் மலையடிவாரத்தில் முதன்முதலாகத் திறக்கும் மேப் திணறுகிறது. டவர் இருக்கும் இடத்திலேயே, வானம் தெரியும்படி நின்று மேப்பைத் திறந்து, நீலப்புள்ளி நிலைத்த பிறகு கிளம்பினால் இந்தத் தொல்லை இல்லை. பின்னர் ஃப்ளைட் மோடில் போட்டாலும் பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் வேலை செய்யும்.

இறக்கி வைத்த படம் பழசாகிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, இங்கே அதற்கு வலுவான சான்றும் இருக்கிறது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், அண்ணாமலையின் அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு தீபத்துக்குப் பொதுமக்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. மண்சரிவுக்கு மறுநாள், டிசம்பர் 2, சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. அந்த வாரத்தில் எந்தச் சேமித்த மேப்பும் பாதையைப் பாதையாகவும் ஆற்றங்கரையை உலாவுமிடமாகவும்தான் காட்டியிருக்கும். ஆகவே மாறாதவற்றை, அதாவது படம், உயரம், தூரம், ஊர்ப்பெயர் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, வானிலை, அணை நீர்மட்டம், வனத்துறை அனுமதி என மாறுபவற்றைக் கிளம்பும் காலையில் வீட்டிலிருந்தே பார்த்துவிட வேண்டும். மேப்பில் ஒற்றையடிப் பாதை தெரிவதால் அதில் போகலாம் என்று ஆகிவிடாது. குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு 2018-இல் மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. செயலிக்கு அதெல்லாம் தெரியாது.

எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்மார்ட்போன் இருக்கும்போது டார்ச், ரேடியோ, கைக்கடிகாரம் என்று மூட்டை எதற்கு என்பது அடிக்கடி வரும் மறுப்பு. கிரிவலப் பாதைக்கு அது சரி. பாதை நெடுகத் தெருவிளக்கு, எட்டு லிங்கங்களும் வழிகாட்டி. பர்வதமலைக்கு அது சரிப்படாது. 4,500 அடிக்கு மேற்பட்ட அந்த மலையில் இரவில் ஏறுபவர்கள் நிறைய. மேலே போகப் போகப் பாறையில் அடித்த கடப்பாறைகளையும் சங்கிலியையும் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் வருகின்றன. இரண்டு கையும் பிடிமானத்துக்கு வேண்டிய இடத்தில் போனைக் கையில் பிடித்து வெளிச்சம் காட்டுவது விபத்தைக் கூப்பிடுவது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் தலைவிளக்கு அங்கே ஐம்பதாயிரம் ரூபாய் போனைவிட மேலானது. அதிலும் பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரிக் கட்டை போடும் வகையாக வாங்குங்கள். சார்ஜர் ஒயர் இல்லாவிட்டாலும் விளக்கு நிற்காது. பவர் பேங்க் விஷயத்திலும் ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். 10,000 எம்ஏஎச் என்பது உள்ளிருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. அதைப் போனுக்கு வேண்டிய 5 வோல்ட்டுக்கு மாற்றும்போது கணக்குப்படியே 7,400 ஆகிறது. மாற்றும்போது சூடாகப் போவது அதற்கும் மேல் கழிவு. பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் அச்சிட்ட பயன்தரும் அளவைப் படியுங்கள்.

இன்னும் நாலு டவர் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களும் உண்டு. விழாக் காலத்தில் வண்டியில் ஏற்றிய தற்காலிக டவர்கள் வருகின்றன, நிலைமையும் ஓரளவு தேறுகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தலைமுறை நெட்வொர்க் வரும்போதும் நாம் அனுப்புவதும் வளர்கிறது. எழுத்து அனுப்பியவர்கள் படம் அனுப்பினார்கள், படம் அனுப்பியவர்கள் இப்போது நேரலை போடுகிறார்கள். ஆண்டில் சில இரவுகளின் கூட்டத்துக்காக எந்த நிறுவனமும் ஆண்டு முழுவதும் செலவு செய்யாது. ஆள் நடமாட்டம் குறைந்த ஜவ்வாது மலை மடிப்புகளுக்கு அவர்கள் போட வேண்டிய கணக்கு இன்னும் கடினம்.

வயதான அம்மா அப்பாவையும் குழந்தைகளையும் அழைத்துப் போகும்போது லைவ் லொகேஷன் வேண்டாமா என்பதுதான் நான் மிகவும் மதிக்கும் மறுப்பு. இருக்கட்டும், போட்டுக்கொள்ளுங்கள்; அதை மட்டும் நம்பாதீர்கள். பிரிந்துபோனால் எந்த லிங்கத்தின் வாசலில் எத்தனை மணிக்குக் காத்திருப்பது என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்வதும், குழந்தையின் கையில் போன் எண்ணைப் பேனாவால் எழுதிவிடுவதும் எந்தச் சர்வரையும் நம்பியிருப்பதில்லை. வாக்கி டாக்கி பிடித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த சக்திக் கருவிகளுக்குத்தான் உரிமம் வேண்டாம். மற்ற அலைவரிசைக் கருவிகள் இணையக் கடைகளில் தாராளமாக விற்கப்பட்டதால் 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதற்கென வழிகாட்டுதலே வெளியிட்டது. உரிமம் வேண்டாத கருவிகளும் 814 மீட்டர் மலையைத் தாண்டிப் பேசாது. மலைக்கு அந்தப் பக்கம் நடப்பவருக்கு உங்கள் குரல் எட்டாது. செயற்கைக்கோள் தொடர்புக் கருவியை வெளிநாட்டிலிருந்து வாங்கி வரும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அனுமதியின்றி அதை வைத்திருப்பது இங்கே குற்றம். தெரியாமல் கொண்டுவந்து விமான நிலையத்தில் மாட்டிய சுற்றுலாப் பயணிகள் உண்டு. உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதி உரிமம் வாங்கலாம். 2004 சுனாமியில் அந்தமானிலிருந்து செய்தி வர உதவியவர்கள் இந்தப் பொழுதுபோக்கினர்.

இவ்வளவும் எதற்கு, எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டுச் சும்மா நடந்தால் என்ன என்று இந்த ஊரில் கேட்காதவர் குறைவு. கிரிவலத்துக்கு நான் வாதாட மாட்டேன். ஆனால் ஜவ்வாது மலைக்கு அமாவாசையை ஒட்டிப் போகிறவருக்குக் கருவி ஒரு கண்தான். அந்த மலைத்தொடரில் காவலூரில், சுமார் 725 மீட்டர் உயரத்தில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியால்தான் 1972-இல் வியாழனின் கானிமீட் துணைக்கோளுக்கு வளிமண்டலத்தின் தடயம் காணப்பட்டது. 1977-இல் யுரேனஸ் வளையங்கள் பற்றிய கண்டுபிடிப்பிலும் அதற்குப் பங்கு உண்டு. 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் வந்தது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகே இருப்பதால் தென்வானம் நன்றாகத் தெரிகிறது. அதே வானம் சாலையோரத்தில் நிற்கும் நமக்கும் உண்டு. ஒரு 10x50 பைனாகுலருக்கு பேட்டரியே வேண்டாம். ஸ்டெல்லேரியம் போன்ற வானப்பட செயலி, தேதியும் இடமும் தெரிந்தால் நெட் இல்லாமலே நட்சத்திரத்தைக் கணித்துக் காட்டும். டார்ச்சில் சிவப்பு வெளிச்சம் இருந்தால் அதையே போடுங்கள், இருளுக்குப் பழகக் கண்ணுக்கு இருபது முப்பது நிமிடம் ஆகும். கணிப்பைக் கையிலேயே வைத்திருப்பது நம் பக்கத்தில் புதிதும் அல்ல. 1825-இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜான் வாரன் என்ற அதிகாரி பதிவு செய்திருக்கிறார். தொடக்கம் 4 நிமிடம்தான் பிசகியது. முடிவு 52 நிமிடம் பிசகியது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த வார இறுதிக்குக் கிளம்பும் முன் ஒரு மாலை வீட்டில் நெட்டை அணைத்துவிட்டு, பைக்குள் வைக்கப்போகும் ஒவ்வொரு கருவியையும் எடுத்து இயக்கிப் பாருங்கள். ஸ்மார்ட் வாட்ச், ஸ்பீக்கர், கேமரா, மேப், பாட்டுச் செயலி, எல்லாவற்றையும். உள்நுழையச் சொல்லி நிற்பவற்றை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். புதிதாக எதையும் வாங்குவதாக இருந்தால் இந்தச் சோதனைக்குப் பிறகு வாங்குங்கள். இளநீருக்குச் சில்லறையாக நூறு ரூபாயும் எடுத்துக்கொள்ளுங்கள்.