கொழுந்துக் கணக்கு: இரண்டு பதிவும் ஒத்துப்போகிறதா?



மலையில் கொழுந்து, மட்டக்களப்புப் பக்கம் பனிச்சங்கேணிக் களப்பில் நண்டும் இறாலும். வேலை வேறானாலும் இரண்டு இடத்திலும் உழைப்பு தராசில் ஏறித்தான் காசாகிறது. நம்ம கையில் ஒரு கணக்கு, எடை போடுபவர் புத்தகத்தில் ஒரு கணக்கு. இரண்டையும் எக்செல் விரிதாளில் ஒப்பிடும் முறையை இப்பாடத்தில் படிப்போம். தரம் 10, 11இல் தகவல் தொழினுட்பம் எடுத்த பிள்ளைகளுக்கு விரிதாள் பழக்கமானதுதான். அம்மா எடையைச் சொல்ல, பிள்ளை பதியலாம்.

கூட்டுத்தொகை மட்டும் போதாது

மாத முடிவில் மொத்தக் கிலோ சரியாக இருந்தால் "கணக்கு சரி" என்று விட்டுவிடுகிறோம். ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு தோட்டத்தில் நாளுக்குக் குறித்த கிலோ, அதாவது நோம், 18 என்று வைப்போம்.

நம் கொப்பியில்: திங்கள் 21, செவ்வாய் 19, புதன் 24, வியாழன் 16, வெள்ளி 20. மொத்தம் 100.
அலுவலகப் பதிவில்: 21, 19, 21, 19, 20. அதுவும் மொத்தம் 100.

மொத்தம் ஒன்றுதான். ஆனால் மேலதிகக் கிலோ நாளுக்கு நாள் தனியாகப் பார்க்கப்பட்டால், நம் கொப்பிப்படி 12 கிலோ. அலுவலகப் பதிவுப்படி 10 கிலோ. 2 கிலோவுக்கான காசு மொத்தத்துக்குள்ளே மறைந்துவிட்டது. ஆகவே நாளை நாளோடுதான் ஒப்பிட வேண்டும்.

செய்யும் முறை

1. முதல் நிரையில் தலைப்பு எழுதுங்கள். ஏ நிரலில் திகதி, பி நிரலில் நம் கொப்பி எடை, சி நிரலில் அலுவலக எடை. சம்பளச் சிட்டையில் மாத மொத்தம் மட்டும் இருந்தால், நாளாந்தப் பதிவை அலுவலகத்தில் கேட்டுப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.
2. பி2 முதல் சி32 வரை உள்ள கலங்களைத் தெரிவு செய்யுங்கள். 31 நாளுக்கு இது போதும்.
3. ஹோம் பட்டியலில் கண்டிஷனல் ஃபோர்மட்டிங், அதில் நியூ ரூல். சூத்திரம் எழுதும் கடைசித் தெரிவை எடுங்கள்.
4. இப்படி எழுதுங்கள்: =$பி2<>$சி2 (எழுத்துகளை ஆங்கிலத்தில் அடிக்கவும்). <> என்றால் "சமன் இல்லை". டொலர் குறி நிரலை மாறாமல் பிடித்து வைக்கும்.
5. ஃபோர்மட் என்பதில் சிவப்பு நிறம் கொடுங்கள்.

இனி எந்த நாளில் எடை வேறுபடுகிறதோ, அந்த நாளின் இரண்டு கலங்களும் தானாகவே சிவக்கும். உதாரணத்தில் புதனும் வியாழனும் சிவந்து நிற்கும்.

கவனிக்க

கலத்தில் "18 கிலோ" என்று எழுத வேண்டாம். 18 மட்டும் போதும். சொல் சேர்ந்தால் கணினி அதை எண்ணாக எடுக்காது, சரியான நாளும் சிவந்துவிடும். அதேபோல் வெறுமையான கலத்தையும் 0ஐயும் எக்செல் சமன் என்றே எடுக்கும். வேலைக்குப் போகாத நாளுக்கு இரண்டிலும் 0 போடுங்கள். வேலை செய்தும் அலுவலகத்தில் பதிவே இல்லையென்றால் "இல்லை" என்று எழுதுங்கள், அது சிவக்கும்.

மக்ரோ வேண்டுமா?

மக்ரோ என்பது நாம் எழுதிக் கொடுக்கும் சின்ன நிரல்தொடர். பல குடும்பங்களின் தாள்களை ஒரே தடவையில் ஒப்பிட அது உதவும். ஆனால் கைப்பேசி எக்செலில் மக்ரோ ஓடாது. முன்பின் தெரியாதவர் அனுப்பும் கோப்பில் மக்ரோவோடு வைரசும் வரலாம். அதனால்தான் 2022இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் இணையத்தில் இருந்து வரும் மக்ரோக்களைத் தடுக்கத் தொடங்கியது. ஒரு வீட்டுக் கணக்குக்கு நிறமே போதும்.

சிவப்பு வந்தால்

சிவப்பு என்றால் "வேறுபாடு" மட்டுமே. யார் பிழை என்று அது சொல்லாது. கொப்பியில் நாம் மாற்றி எழுதியிருக்கலாம், அங்கே பதிந்தவர் மாற்றியிருக்கலாம். உதாரணத்தில் வியாழன் அலுவலகப் பதிவில் 3 கிலோ கூட இருக்கிறதே, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்போதுதான் நம்ம பேச்சுக்கு மதிப்பு. "எல்லாம் கொறைச்சிப் போட்டுட்டீங்க" என்று சொன்னால் பதில் வராது. "கணக்கப்பிள்ளை ஐயா, புதன்கிழமை எங்க கொப்பியில 24, உங்க பதிவுல 21. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றால் புத்தகத்தைத் திறந்துதான் ஆக வேண்டும். மாதம் முடியும் முன்பே கேளுங்கள்.

இதற்கெல்லாம் அடிப்படை கொப்பிதான். மடுவத்தில் எடை போட்டவுடன், அன்றைக்கே எழுத வேண்டும். ஞாபகத்தில் இருந்து பிறகு எழுதினால் கணினியும் உதவாது.

பயிற்சி

மூன்று நாட்களில் நம் கொப்பியில் 18, 22, 20. அலுவலகப் பதிவில் 16, 20, 18. எத்தனை நாள் சிவக்கும்? என்ன கேட்க வேண்டும்?

விடை: மூன்று நாளும் சிவக்கும். ஒவ்வொரு நாளும் சரியாக 2 கிலோ குறைகிறது. இது கைதவறியதாகத் தெரியவில்லை. சாக்குக்கோ ஈரத்துக்கோ கழித்த கழிவாக இருக்கலாம். "எதுக்காக 2 கிலோ கழிக்கிறீங்க?" என்பதே சரியான கேள்வி.