முதல் செலவு மூச்சுக்கு

தாம்பரத்தைச் சுற்றிக் குட்டை வெட்டி மீன் விடப் புறப்பட்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு, நாற்பது வருஷம் வலை உலர்த்தியவன் சொல்வது:

1. போடுகிற தீவனமெல்லாம் சதையாகாது. மூச்சு, நீச்சல், செரிமானம், கழிவு எல்லாம் போக மிஞ்சினால்தான் மீன் வளரும். ஆட்டைப் போல உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளும் செலவு மீனுக்கு இல்லை. ஆனால் தண்ணீர் சூடேறினால் மூச்சுச் செலவு ஏறும், காற்றோ குறையும். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். கத்திரி வெயிலில் இதை மறக்காதீர்கள்.

2. விடியுமுன் குட்டைக்குப் போங்கள். பகலில் ஆக்சிஜன் கொடுத்த பாசியே இரவில் மீனோடு பங்குக்கு நிற்கும். விடியலில்தான் தட்டுப்பாடு அதிகம். மீன் மேலே வந்து வாய் பிளந்தால் தீவன வாளியைத் தொடாதீர்கள், மோட்டாரைப் போடுங்கள். செரிக்கவும் ஆக்சிஜன் வேண்டும். ஒரு ஐப்பசியில் மூன்று நாள் மூட்டம். மீன் சோர்ந்திருக்கிறதே, பசி போலும் என்று சாயங்காலம் இரண்டு பங்கு புண்ணாக்கு போட்டேன். காலையில் கட்லா மொத்தமும் வயிறு வெளுத்து மிதந்தது. இன்றும் மனசு ஆறவில்லை.

3. ஜிலேபி வளரவில்லை என்று திட்டாதீர்கள். 1952-இல் இந்தியாவுக்கு வந்த மொசாம்பிக் ஜிலேபி, நெருக்கடியான குட்டையில் விரல் நீளத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். வளர வேண்டிய சத்து வம்சத்துக்குப் போகிறது. தாய் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும் நாட்களில் அநேகமாக எதுவும் தின்னாது. அந்தப் பட்டினியை ஒருமுறை நின்று பாருங்கள். பிறகு நெருக்கி விட மனம் வராது.

4. கொடுவா வளர்க்க ஆசையா? முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இல் அதைச் சினைப்படுத்திக் குஞ்சு எடுத்தது. முதலில் ஆணாக முதிர்ந்து, சில வருஷம் கழித்து உடம்பு பெருத்தபின் பெண்ணாக மாறும் மீன் அது. பெரிய வயிற்றில்தான் முட்டை நிறையக் கொள்ளும். குஞ்சை அளவு பார்த்துப் பிரியுங்கள். பிரிக்காவிட்டால் பெரியது சின்னதை விழுங்கிவிடும்.

5. மணிமங்கலம் பக்கம் ஏரி வற்றும்போது விராலைக் கவனியுங்கள். சேற்றில் அசையாமல் கிடந்து, மேல்காற்றை விழுங்கி உயிர் பிடிக்கும். மெலியும், சாகாது. தூர்வார ஜேசிபி இறக்குமுன் அதைப் பொறுக்கி, தண்ணீர் இருக்கிற கிணற்றில் விட்டுவிடுங்கள்.