நூலிற் கண்ட குறிஞ்சியும் நேரிற் கண்ட குறிஞ்சியும்

தமிழ் பயிலும் மாணவர் எவரும் ஐந்திணைகளின் பெயரை அறிவர். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்றும், அதன் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும் என்றும், சிறுபொழுது யாமம் என்றும் தேர்வுத் தாளில் எழுதி மதிப்பெண் பெறுவதில் நமக்குத் தடை ஏதும் இல்லை. ஆயின், அங்ஙனம் எழுதும் நம்மில் எத்துணைப் பேர் ஒரு மலைச்சோலையினுள் நின்றிருக்கின்றோம்? சென்ற தைத் திங்களில், ஒரு சனிக்கிழமையன்று, எம் வகுப்பு மாணவர் எண்மர் ஆசிரியர் ஒருவருடன் மதுரையினின்று கோடைக்கானலுக்குச் சென்று அன்றிரவே மீண்டோம். அவ்வொரு நாளில் யான் கற்ற பாடத்தையும், அதற்குக் காரணமாய் அமைந்த என் பிழையையும் இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

வைகறை ஐந்து மணிக்கு எம் வேன் புறப்பட்டது. வாடிப்பட்டியை அணுகும்போது பொழுது புலர்ந்தது. சாலையின் இருமருங்கும் நெல்வயலும் தென்னந்தோப்பும் தோன்றின. “இது மருதம்” என்றார் ஆசிரியர். கொடை ரோடு புகைவண்டி நிலையத்தைக் கடந்த பின்னர் வயல்கள் அருகி, முட்புதரும் கரம்பும் மிகுந்தன. வத்தலக்குண்டிற் சிற்றுண்டி அருந்திய பின், மேற்றிசையில் நீலச் சுவர்போல் நின்ற பழனிமலைத் தொடரை நோக்கி வண்டி திரும்பிற்று.

வளைந்து வளைந்து ஏறும் அம்மலைப் பாதையில் ஆசிரியர் பழைய வரலாற்றைக் கூறினார். ஆங்கில அரசின் நில அளவையாளராகிய வார்டு என்பவர் 1821-ஆம் ஆண்டில் இம்மலைகளை அளந்தார். 1834-இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார், வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் தம்முட் பலரையும் தம் குழந்தைகளையும் பறிகொடுத்தனர். நோயினின்று உய்வதற்கு முதலிற் சிறுமலையை நாடினர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பின்னர் 1845-இல் கோடைக்கானலில் தம் முதல் வீடுகளை அமைத்தனர். மதுரையில் ஆட்சியராய் இருந்த லெவிஞ்சு என்பவர் 1863-இல் ஓடையை அணையிட்டு, இன்று யாவரும் சுற்றிவரும் ஏரியை உண்டாக்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் லா என்பவர் வகுத்த மோட்டார்ச் சாலை வரும்வரை, மேலே செல்வோர் அடிவாரத்திலிருந்து நடந்தோ, குதிரையிலோ, நாற்காலியிலோதான் ஏறினர். அந்நாற்காலிகளைத் தோளிற் சுமந்து ஏறியோர் நம் நாட்டுக் கூலியாளரே. அவர்கள் வியர்வை சிந்தி ஏறிய மலையை இன்று நாம் இருக்கையிற் சாய்ந்தவாறே ஏறுகின்றோம்.

டம்டம் பாறையில் வண்டி நின்றது. எதிரே தலையாறு அருவி ஏறத்தாழ 297 மீட்டர் உயரத்தினின்று வெள்ளிக் கயிறுபோல் இழிந்தது. காற்றிற் குளிர் ஏறிவிட்டது. மதுரை கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தது. கோடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்காதலின், மூன்று மணி நேரப் பயணத்தில் பதின்மூன்று டிகிரியைக் கடந்துவிடுகின்றோம். நோயுற்றோர் இம்மலையைத் தேடியதன் காரணம் இதுவே.

சோதனைச் சாவடியில் மலையேறும் வண்டிக்குரிய அனுமதிச் சீட்டைக் காட்டினோம். உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024-ஆம் ஆண்டு மே மாதம் முதல் ஏற்பட்ட முறை இது. பெருமாள்மலையில் எமக்கு வழிகாட்டியாக முதியவர் ஒருவர் ஏறிக்கொண்டார். அவர் மலைச் சிற்றூரிற் பிறந்து வளர்ந்தவர், பேச்சுக் குறைந்தவர்.

ஏரியைக் கண்டபின், தூண்பாறைக்குச் செல்லும் வழியில் ஊசியிலைக் காடொன்றிற் புகுந்தோம். நெடிய மரங்கள் அணிவகுத்து நின்றன. கீழே உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தைபோற் கிடந்தன. தமிழ்ச் சிறப்பு வகுப்பினன் என்னும் செருக்கால் யான் குரலை உயர்த்தி, “நண்பர்களே, சங்கப் புலவர் கண்ட குறிஞ்சி இதுவே!” என்றேன். தோழர்கள் கைதட்டினர். முதியவர் சிறிதே நகைத்து, “தம்பி, கொஞ்சம் பேசாமல் நில்லுங்கள். ஏதேனும் பறவைக் குரல் கேட்கிறதா?” என்றார்.

நின்றோம். காற்றின் ஓசையன்றிப் பிறிதொன்றும் கேட்கவில்லை. கீழே பூண்டு இல்லை, பூ இல்லை, ஊறும் நீரும் இல்லை. “இது மலை தந்த காடு அன்று, தம்பி. மனிதர் வைத்த தோட்டம்” என்றார் அவர்.

பின்னர் அவர் கூறியவற்றின் சுருக்கம் இது. இம்மலையின் உச்சி முன்னாளிற் பெரும்பாலும் புல்வெளியே. மடிப்புகளிலும் நீரோடைக் கரைகளிலும் மட்டும் அடர்ந்த குறுமரச் சோலைகள் இருந்தன. ஆங்கிலேயர் ஆட்சியில் புல்வெளி பயனற்ற நிலம் எனக் கருதப்பட்டது. ஆகவே விறகுக்காக யூகலிப்டஸும், தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலியாவினின்று வந்த வாட்டில் மரமும், பிற தேவைகளுக்கு ஊசியிலை மரமும் நடப்பட்டன. நாடு விடுதலை பெற்ற பின்னரும் அந்நடவு நெடுங்காலம் தொடர்ந்தது. நட்டவர் தீய எண்ணத்தால் நட்டவர் அல்லர். மரம் இருந்தாற் காடு, இல்லையேல் வீண் என்று எண்ணியதே பிழை. அப்பிழையையே, ஒரு நூற்றாண்டு கழித்து, யானும் செய்தேன்.

பிற்பகல் வட்டக்கானலில் எஞ்சியுள்ள சோலை ஒன்றின் ஓரத்திற்கு எம்மை அழைத்துச் சென்றார். என்னே வேறுபாடு! மரங்கள் குட்டையாய், முறுக்கேறி, பாசியும் பன்னமும் போர்த்து நின்றன. காலடியில் மண் பஞ்சுபோல் அமுங்கிற்று. கண்ணுக்குப் புலப்படாத பறவைகள் பல குரலில் ஒலித்தன. மழை நின்று வாரங்கள் கடந்தும், வேரிடுக்கினின்று நீர் சொட்டிக்கொண்டிருந்தது. புல்லும் சோலை மண்ணும் மாரியில் நீரைக் குடித்து வைத்து, வேனில்வரை சிறிது சிறிதாக விடுகின்றன. இந்நீர் பாம்பாறாய்க் கும்பக்கரையில் வீழ்ந்து, வராக நதியோடு கூடி வைகையைச் சேரும் என்றார் முதியவர். வடசரிவில் இழியும் சண்முகநதியோ அமராவதி வழியாகக் காவிரியை அடைகின்றது. ஆகவே, காலையில் யாம் மருதம் என்று சுட்டிய வயல்களுக்கு ஊட்டும் தாய்களுள் இச்சோலையும் ஒன்று. திணைகளைத் தனித்தனிக் கட்டங்களாக எழுதிப் பழகிய எனக்கு, ஒரு திணையின் நீரால் மற்றொன்று வாழ்கின்றது என்பது அன்றே விளங்கிற்று.

இங்கு மொழி மாணவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று உண்டு. இவ்வகைக் காட்டிற்கு உலகத்து இயற்கை நூலார் வழங்கும் பெயர் நம் ‘சோலை’ என்னும் சொல்லே. ஆங்கிலம் அதனை நம்மிடமிருந்து பெற்றுக்கொண்டது. சொல் உலகெங்கும் பரவ, பொருள் இங்குச் சுருங்குவது வருந்தத் தக்கது.

குறிஞ்சிப் பூ எங்கே என்று வினவினோம். புல்வெளிச் சரிவில் இடுப்பளவு புதர்களைக் காட்டினார். பூ இல்லை. குறிஞ்சி பன்னீராண்டிற்கு ஒருமுறை பூத்து, விதை உதிர்த்து, மடிந்துவிடும் செடி. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, இனி 2030-இல் பூக்கும். புல்வெளி மறைந்தாற் குறிஞ்சிக்கு இடமில்லை. இம்மலைக் காடுகள் 2013-இல் வனவுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டன. அயல் மரங்களை ஒருசேர வெட்டிவிட்டால் தீருமா என்று வினவியதற்கு, “அவசரப்படக் கூடாது, தம்பி. வெறும் மண்ணாய் விட்டால் மறுபடியும் அதே விதைதான் முளைக்கும். சில இடங்களில் அந்த நிழலிலேயே சோலைக் கன்றுகள் எழுந்து வருகின்றன. பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும்” என்றார்.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டவிடத்துப் பாலை தோன்றும் என்பது சிலப்பதிகாரம் உணர்த்தும் கருத்து. பாலை என்றால் வெயிலில் வெந்த நிலம் என்றே யான் எண்ணியிருந்தேன். குளிர் மாறாமல், பசுமையும் மாறாமல் ஒரு குறிஞ்சி திரியக்கூடும் என்று எண்ணியதில்லை. காலையில் யான் கைதட்டுப் பெற்ற இடம் பச்சைப் பாலையே.

ஐந்து மணிக்கு இறங்கத் தொடங்கினோம். பெருமாள்மலையில் முதியவர் இறங்கியபோது, “ஐயா, காலையில் யான் கூறியது தவறு” என்றேன். “கேட்டீர்களே, அது போதும். அடுத்த முறை பூக்கும்போது வாருங்கள்” என்று கூறிச் சென்றார்.

அம்மலையின் காரியங்கள் நெடுங்காலத்தில் நிகழ்வன. அங்குள்ள சூரிய ஆராய்ச்சி நிலையம் 1901 முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கதிரவனை நோக்கி வருகின்றது. குறிஞ்சி பன்னீராண்டு காத்திருக்கின்றது. ஒரு நாள் விருந்தினராகிய நாம் காண்பது ஓர் ஏடு மட்டுமே. அவ்வேட்டையும் அம்மண்ணில் வாழ்வார் ஒருவர் அருகிருந்து படித்துக் காட்டினாலன்றிப் பிழையாகவே படிப்போம். ஆகவே, மலை காணச் செல்லும் நண்பர்கள் சிறு குழுவாய்ச் செல்க. வழிகாட்டி ஒருவரை உடன் கொள்க. ஏரியோடு நில்லாது ஒரு சோலையின் ஓரத்திலேனும் பேசாது நின்று மீள்க.

பழனி மலையடிவாரம் பண்டு பொதினி எனப்பட்டது. மயில் குளிரால் நடுங்குமென்று தன் போர்வையை ஈந்த பேகன் அந்நாட்டுத் தலைவன். புல்லும் சோலையுமே இம்மலையின் போர்வை. அவனைப் போல் ஈயும் கை நமக்கு இல்லையாயினும், மலை போர்த்திருப்பதைப் பறிக்காதிருக்கும் அறிவேனும் நமக்கு வாய்ப்பதாக!