தம்பியின் எக்கோ ரிப்போர்ட்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய எக்கோ ரிப்போர்ட்டை முழுக்கப் படித்தேன். ‘பி.எஃப்.ஓ., 2 மி.மீ.’ என்ற வரியை மட்டும் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறாய். ‘பிள்ளைக்கு இதயத்துல ஓட்டையாம்’ என்று பாட்டி அழுவதாகவும், அம்மா தம்பியை அழவிடவே பயப்படுவதாகவும் எழுதியிருந்தாய். பத்தாம் வகுப்பு உயிரியல் படிக்கிறவள் நீ. உனக்குப் புரிந்துவிட்டால் வீட்டில் மற்றவர்களுக்கு நீயே சொல்லிவிடுவாய்.

வயிற்றில் இருக்கும் வரை குழந்தையின் நுரையீரலில் திரவம்தான் நிறைந்திருக்கும். ஆக்சிஜன் நஞ்சுக்கொடியிலிருந்து தொப்புள்கொடி வழியாக வந்து வலது ஆரிக்கிளைச் சேரும். வேலை செய்யாத நுரையீரலைச் சுற்றாமல் அந்த ரத்தம் நேரே இடப்பக்கம் போய் மூளையை அடைய வேண்டும். அதற்காகத்தான் இரண்டு ஆரிக்கிள்களுக்கும் நடுவே ஒரு வழி. அதன் இடப்புறம் மெல்லிய சவ்வு ஒன்று, ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவுபோல இருக்கிறது. பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் நுரையீரல் விரிந்து, அங்கிருந்து ரத்தம் இடது ஆரிக்கிளுக்குப் பெருகி வரும். அந்த அழுத்தத்தில் சவ்வு சுவரோடு சாத்திக்கொள்ளும். ஆனால் ஒட்டிப்போக மாதக்கணக்கில் ஆகும். தம்பிக்கு இன்னும் ஒட்டவில்லை; பி.எஃப்.ஓ. என்பது அவ்வளவுதான். பலருக்குக் கடைசிவரை முழுதாக ஒட்டுவதே இல்லை: அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இறந்தவர்களின் 965 இதயங்களைப் பரிசோதித்து 1984-ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 27 பேருக்கு அது திறந்தே இருந்தது.

டாக்டர் பார்க்க வேண்டியது வேறு. சவ்வு இருந்து ஒட்டாமல் இருக்கிறதா, அல்லது சுவரிலேயே சதை குறைந்து உண்மையான ஓட்டை இருக்கிறதா? பச்சிளங்குழந்தையிடம் சில சமயம் இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம்; அதனால்தான் மறு எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். ரிப்போர்ட்டில் நீ வட்டமிடாத வரிகளையும் பார்: வலது அறைகள் வீங்கவில்லை, வால்வுகள் சரி. எனக்கு நிம்மதி தந்தவை அந்த வரிகள்தான்.

இந்த வழியே உயிர் காத்த கதையும் உண்டு. சில குழந்தைகளுக்குப் பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறி முளைத்திருக்கும். நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலக்க வழி இல்லையென்றால் குழந்தை பிழைக்காது. 1966-ல் பிலடெல்பியாவில் ராஷ்கைண்ட் என்ற மருத்துவர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். ரத்தக்குழாய் வழியே சுருங்கிய பலூனை அந்தத் துவாரத்தைத் தாண்டி நுழைத்து, அங்கே உப்பவைத்து, சட்டென்று வலப்பக்கம் இழுப்பார்கள். சவ்வு கிழிந்து வழி அகலும். நீலம் பாரித்த உடம்பில் நிறம் ஏறும். அறுவை சிகிச்சை வரை குழந்தையைத் தாங்க இன்றும் இதைச் செய்கிறார்கள்.

தம்பிக்கு மருந்து வேண்டாம், பத்தியம் வேண்டாம். அழுதால் அழட்டும், வளர்ந்தபின் ஓடட்டும். காரணம் தெரியாத பக்கவாதம் வந்த பிள்ளைகளிடம்தான் பெரும்பாலும் இந்த வழியைத் துருவிப் பார்க்கிறோம். உப்பு நீரில் நுண்குமிழிகள் எழும்படி கலக்கிக் கை ரத்தக்குழாயில் செலுத்தி, பிள்ளையை முக்கச் சொல்லி, அவை இடப்பக்கம் தாவுகின்றனவா என்று எக்கோவில் கவனிப்போம். சின்னக் கருவியால் அடைப்பதால் பயன் உண்டு என்று 2017-ல் காட்டிய ஆய்வுகள் பெரியவர்களிடம் செய்யப்பட்டவை. பிள்ளைகளுக்கு நரம்பியல் மருத்துவரும் இதய மருத்துவரும் கூடிப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் அம்மாவிடம் அழுத்திச் சொல். பால் குடிக்கும்போது வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, எடை ஏறாவிட்டாலோ, நாக்கும் உதடும் நீலமானாலோ, ‘பி.எஃப்.ஓ.தானே’ என்று இருந்துவிடக் கூடாது. இவ்வளவு சின்ன வழியால் அப்படி ஆகாது. வேறு காரணம் இருக்கும். உடனே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஆறாவது வாரத் தடுப்பூசியைத் தள்ளிப்போடலாமா என்று அம்மா கேட்டாளாமே? வேண்டாம். குறித்த தேதியிலேயே போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
மாமா