கைக்கு இசைவும் உறுப்புகளின் உறுதியும்: ஒற்றைச் செயல் ரிவால்வரை மதிப்பிடும் முறை

கையில் ஏந்தி இயக்கும் எக்கருவியை மதிப்பிடும்பொழுதும் இரண்டு வினாக்கள் எழுகின்றன. அது கைக்கு இசைவாக உள்ளதா? நெடுங்காலம் உழைக்குமா? முதல் வினாவிற்குக் கையே விடை கூறிவிடும். இரண்டாவதற்கு உள்ளுறுப்புகளை ஆராய்ந்தே விடை காணல் வேண்டும். அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் 1955-ஆம் ஆண்டில் வெளியிட்ட பிளாக்ஹாக் ரிவால்வர் இதனை விளக்க ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

ஒற்றைச் செயல் ரிவால்வரில் ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்னரும் கட்டைவிரலால் சுத்தியைப் பின்னுக்கு இழுத்தல் வேண்டும். அப்பொழுது தோட்டா உருளை ஓர் அறை அளவு சுழலும். விசையோ, சுத்தியை விடுவிக்கும் ஒரே செயலைச் செய்கின்றது. 1873-இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட கோல்ட் ரிவால்வரின் அமைப்பும் இதுவே.

இசைவு: பிளாக்ஹாக்கின் பிடி, பழைய கோல்ட் வடிவத்தைத் தழுவி, கலப்பையின் மேழிபோல் வளைந்தது. சுட்டவுடன் பிடி உள்ளங்கையில் சற்றே உருள, குழல்வாய் மேலெழுகின்றது. பின்னுதைப்பு முழுவதும் நேராகக் கையில் பாய்வதில்லை. எடையும் துணைபுரிகின்றது. 10 கிராம் குண்டு வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். வெடிவாயுவின் உந்தத்தை விடுத்துக் கணக்கிட்டால், 1 கிலோகிராம் ரிவால்வர் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். அதன் இயக்க ஆற்றல் 8 ஜூல். எடை 1.25 கிலோகிராமாயின் வேகம் 3.2 மீட்டராகவும், ஆற்றல் 6.4 ஜூலாகவும் குறையும். ஆயினும், நாள் முழுவதும் இடுப்பில் சுமப்போர்க்கு அவ்வெடையே இடராகும்.

உறுதி: பழைய கோல்ட் அமைப்பில் தட்டை விற்கள் இருந்தன. தட்டை வில் வளையும்பொழுது தகைவு ஓரிடத்தில் குவிகின்றது. பன்முறை வளைந்தபின் அவ்விடத்தில் முறிகின்றது. பிளாக்ஹாக்கில் சுருள்விற்கள் அமைக்கப்பட்டன. இவற்றில் தகைவு கம்பியின் நீளம் முழுவதும் பரவுவதால் ஆயுள் நீடிக்கின்றது.

பாதுகாப்பு: பழைய அமைப்பில், இறக்கிய சுத்தியின்கீழ் தோட்டா இருப்பின், கருவி கீழே விழுந்து சுத்தி அடிபட்டாலும் வெடிக்கக்கூடும். ஆகவே ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, சுத்தியின்கீழுள்ள அறையைக் காலியாக வைப்பது வழக்கமாயிற்று. 1973-இல் வந்த புதிய மாதிரியில் ஓர் இடைத்தகடு சேர்க்கப்பட்டது. விசையை இழுத்துப் பிடித்திருக்கும்பொழுது மட்டுமே அது மேலெழுந்து, சுத்தியின் அடியை ஊசிக்குக் கொண்டுசெல்லும். மற்ற வேளைகளில் சுத்தி ஊசியைத் தொடுவதேயில்லை. பழைய மாதிரிகளுக்கும் இதனைக் கட்டணமின்றிப் பொருத்தித் தர அந்நிறுவனம் பின்னர் முன்வந்தது.

ஆய்வு முறை: முதலில் ஆறு அறைகளும் காலியாக உள்ளனவா என்று கண்ணால் காண வேண்டும். பிறகு உருளைக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளியை மெல்லிய அளவுத் தகடுகளால் அளந்து குறித்தல் வேண்டும். உருளை முன்பின்னாக எவ்வளவு அசைகின்றது, சுத்தியை இழுக்க எவ்வளவு விசை தேவை என்பனவற்றையும் குறித்தல் வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் சுட்டபின் மீண்டும் அளந்தால், இரு அளவுகளின் வேறுபாடே தேய்மானத்தைக் காட்டும்.

1973-க்கு முந்திய மாதிரியையும் பிந்தியதையும் கையில் ஏந்துவோர், பிடியைக் கொண்டு இடைத்தகட்டின் இருப்பை அறிய இயலாது. உயிரைக் காக்கும் உறுப்போ அதுவே. கைக்கு இசைவாக இருப்பது ஒன்றையே கொண்டு கருவியைத் தேர்வது எத்துணைக் குறைபாடுடையது என்பது இதனால் விளங்கும்.

பயிற்சி: மேற்கூறிய குண்டினை 0.8 கிலோகிராம் ரிவால்வர் சுட்டால், அதன் பின்வாங்கு வேகமும் இயக்க ஆற்றலும் யாவை?
(விடை: வினாடிக்கு 5 மீட்டர், 10 ஜூல்.)