"எனக்குத் தெரியாது" என்று ஒரு வேஷம்

எமது தோட்டத்து ஆண்களுக்கு என்னென்ன வேலைகள் தெரியும் என்று ஒரு தடவை எண்ணிப் பார்ப்போம். கவ்வாத்துக் கத்தியைக் கையில் எடுத்தால் பட்டை கிழியாமல், சரிவாக, ஒரே வெட்டில் வாதை வெட்டத் தெரியும். பெக்டரியில் நிற்பவருக்கு, அரைத்துப் பரப்பிய கொழுந்து பதத்துக்கு வந்துவிட்டதா என்று மணத்தை வைத்தே சொல்லத் தெரியும். கோவில் திருவிழா வந்தால் அண்டாவில் முந்நூறு பேருக்குச் சோறு வடிக்கவும், கைக்கணக்கில் சாம்பாருக்கு உப்புப் போடவும் தெரியும். கொழும்பில் சாப்பாட்டுக் கடைகளில் நின்றுவிட்டு வந்த இளைஞர்கள் கொத்து ரொட்டி போடும் சத்தத்தைக் கேட்டாலே பசி வரும். மாசி மாதத்தில் காமன் கூத்துக்கு ரதி வேஷம் கட்டுகிறவருக்குச் சேலைக்குக் கொசுவம் வைக்கவும் தெரியும், சடை பின்னவும் தெரியும்.

இதே ஆட்களிடம் வீட்டில், "இந்தாங்க, அந்த உலையைக் கொஞ்சம் எறக்கி வையுங்க" என்று சொன்னால் என்ன பதில் வருகிறது?

"எனக்கு அதெல்லாம் தெரியாது புள்ள. நீயே வந்து பாத்துக்க."

இந்த மாதப் பாடம் அந்தத் "தெரியாது" என்ற ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

உண்மையிலேயே தெரியாமல் இருப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தெரியாததைக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் தெரிந்தும் தெரியாதவர் போல நடிப்பது, அல்லது கற்றுக்கொள்ளாமல் இருப்பதற்காகவே வேண்டுமென்று கெடுத்துச் செய்வது வேறு விடயம். அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். எந்த லயத்திலும் நடக்கக்கூடியதுதான்.

மனைவிக்குக் காய்ச்சல். ரொட்டி சுடும்படி கணவனிடம் சொல்கிறாள். அவர் மாவில் தண்ணீரை அள்ளி ஊற்றுகிறார். மாவு கூழாகிறது. தேங்காயைத் துருவப் போய்ச் சிரட்டையையும் சேர்த்துத் துருவுகிறார். அடுப்பில் விறகைத் திணித்து வீடு முழுக்கப் புகை. ஒரு பக்கம் கருகி, மறு பக்கம் வேகாத ரொட்டியைப் பிள்ளைகள் தின்ன மாட்டோம் என்று அழுகின்றன. மனைவி போர்வையைச் சுற்றிக்கொண்டு எழுந்து வருகிறாள். "தள்ளுங்க, நானே செய்றேன். ஒரு வேலைக்கும் ஒதவ மாட்டீங்க" என்கிறாள்.

அவ்வளவுதான். ஏச்சு ஒரு நிமிடம். ஆனால் அந்த ஒரு நிமிட ஏச்சுக்குக் கிடைத்த சம்பளம் என்ன? இனி வாழ்நாள் முழுக்க யாரும் அவரிடம் ரொட்டி சுடச் சொல்ல மாட்டார்கள். "அவருக்கு அது வராது" என்று மனைவியே அடுத்த வீட்டுக்காரிக்குச் சொல்வாள். சிரித்துக்கொண்டு கூடச் சொல்வாள். இந்த வேஷத்தின் கெட்டித்தனமே இதுதான். "செய்ய மாட்டேன்" என்று சொன்னால் சண்டை வரும். "தெரியாது" என்று சொன்னால் பரிதாபம் வரும்.

சிலர் நினைத்துச் செய்கிறார்கள், சிலர் நினைக்காமலே செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சின்ன வயதில், "ஆம்பளப் புள்ள வெளக்குமாத்தத் தொடக்கூடாது" என்று பாட்டி பிடுங்கி வைத்திருப்பார். அன்றைக்கு ஆரம்பித்த "தெரியாது" பிறகு பழக்கமாகிவிடுகிறது. என்றாலும் பழக்கமாகிப்போன பாரம் பாரமில்லை என்று ஆகிவிடுமா? கொழுந்துக் கூடையும் பழக்கமானதுதான். அதற்காக அது கனக்காமல் விடுவதில்லை.

இனி நேரக் கணக்கைப் பார்ப்போம். அநேகமான வீடுகளில் பெண் விடியற்காலை நாலரை மணிக்கு எழும்புகிறாள். அடுப்பை மூட்டி, தேத்தண்ணி வைத்து, ரொட்டியும் சம்பலும் செய்து, பாடசாலைப் பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஓடுகிறாள். பின்னேரக் கொழுந்தை நிறுத்துவிட்டு வீடு வரும்போது ஐந்து மணியாகிறது. கவ்வாத்து, முள்ளுக்குத்து, மருந்தடிப்பு போன்ற வேலைகளுக்குப் போகும் ஆண்களில் பலர் தமக்குக் கொடுத்த அளவை முடித்துக்கொண்டு பகல் ஒரு மணி, இரண்டு மணிக்கே திரும்பிவிடுகிறார்கள். அந்த வேலைகள் இலேசானவை என்று நாம் சொல்லவில்லை. மருந்து டாங்கியை முதுகில் சுமப்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் மூன்று மணித்தியாலம் இருக்கிறது. அந்த மூன்று மணித்தியாலமும் அடுப்பு குளிர்ந்து கிடக்கிறது. வாளி காலியாகக் கிடக்கிறது. ஐந்து மணிக்கு வந்தவள் நனைந்த படங்கை அவிழ்த்து வைத்த கையோடு பீலிக்குப் போகிறாள்.

"நான்தானே சம்பாதிக்கிறேன்" என்ற பேச்சுக்கும் தோட்டத்தில் இடமில்லை. ஒரு காலத்தில் பெண்ணின் நாட்சம்பளம் ஆணின் நாட்சம்பளத்தை விடக் குறைவாக இருந்தது. 1984ம் ஆண்டில் இருவருக்கும் சம சம்பளம் என்று ஆனது. ஆகவே ஒரே பேர், ஒரே சம்பளம். வீட்டு வேலையில் மட்டும் ஒருவருக்கு முழுப்பேர், மற்றவருக்கு அரைப்பேர் கூட இல்லை.

இது எமது தோட்டங்களில் மட்டும் உள்ள குறை அல்ல. சர்வதேச தொழில் தாபனம் 2018ம் ஆண்டு வெளியிட்ட ஓர் அறிக்கையின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் உலகில் ஒரு பெண் சராசரியாக நாளொன்றுக்கு 4 மணித்தியாலமும் 25 நிமிடமும் செலவிடுகிறாள். ஆண் செலவிடுவது 1 மணித்தியாலமும் 23 நிமிடமும். படித்த ஊர், பணக்கார ஊர் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்த கணக்கு இது. அங்கெல்லாம் துணி துவைக்கும் இயந்திரத்தின் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாத கணவன்மார் இருக்கிறார்களாம். மோட்டார் வாகனத்தைக் கழற்றிப் பூட்டத் தெரியுமாம்!

இந்த வேஷத்தின் விலையைக் கடைசியில் கொடுப்பது யார் என்பதே எமக்குப் பெரிய கவலை. தாய்க்குக் கை போதாதபோது அந்த வேலை தகப்பனிடம் போவதில்லை. மூத்த பெண் பிள்ளையிடம் போகிறது. தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அவள் பாடசாலைக்குப் போக மாட்டாள். விறகு முடிந்தால் அன்றும் போக மாட்டாள். கொழுந்து கூடிய மாதங்களில் இது அடிக்கடி நடக்கும். ஒன்பதாம் ஆண்டு வரும்போது கணக்குப் பாடம் விளங்காமல் போகும். "படிப்பு ஏறல" என்று வீட்டில் சொல்வார்கள். படிப்பு ஏறாமல் போகவில்லை, படிக்கப் போகவிடவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே அவள் கொழும்பில் யாரோ ஒருவரின் வீட்டில் பிள்ளை பார்க்கிறாள். அதே வீட்டில் அவளை விட இரண்டு வயது இளைய அண்ணன்மார், தம்பிமார் தட்டைக் கழுவாமல் எழுந்து போகிறார்கள் — சரி, அண்ணன் இளையவனாக இருக்க மாட்டான்தான். ஆனால் தட்டுக் கழுவும் விடயத்தில் எல்லா ஆண் பிள்ளைகளும் கைக்குழந்தைகள்தானே!

மனைவி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன வீடுகளைப் பாருங்கள். நேற்று வரை உலை வைக்கத் தெரியாதவர் ஒரு மாதத்துக்குள் சோறாக்குகிறார், மகளுக்குத் தலை வாருகிறார், மூன்று மணிக்கே பிள்ளைக் காம்பராவுக்குப் போய்ச் சின்னவனைத் தூக்கி வருகிறார். நன்றாகவும் செய்கிறார். வேறு சில வீடுகளில் அந்தப் பாரம் அப்படியே பன்னிரண்டு வயதுப் பெண்ணின் தலையில் விழுகிறது. முதல் வீட்டுக்காரருக்கு ஒரே மாதத்தில் எங்கிருந்து அந்த அறிவு வந்தது? கை முன்பே இருந்தது. வேறு வழி இல்லாதபோது வேலை செய்தது.

பெண்களாகிய உங்களிடமும் ஒரு வார்த்தை. "எனக்குத் தெரியாதுங்க" என்ற வேஷம் ஆண்களுக்கு மட்டும் சொந்தமில்லை. வங்கிப் புத்தகம் என்றால், சம்பளத் துண்டு என்றால், கிராம உத்தியோகத்தரிடம் போவதென்றால், "அவருதான் பாப்பாரு, எனக்கு என்னா தெரியும்" என்று ஒதுங்குகிறோம் அல்லவா? கொழுந்துக் கிலோவைக் கணக்கப்பிள்ளை ஒரு கிலோ குறைத்து எழுதினால் உடனே கண்டுபிடிக்கிற கண், சம்பளத் துண்டை வாசிக்காதா? ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் கழிக்கப்படுகிறது, தொழில் கொடுப்பவர் 12 சதவீதம் சேர்க்க வேண்டும். அந்தக் காசு உங்களுடையது. அது ஒழுங்காகச் சேர்கிறதா, உங்களுக்குப் பிறகு யாருக்குச் சேர வேண்டும் என்று எழுதியிருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. சிலருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். அது வேஷமல்ல. பாடசாலை போகும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்துக் கேட்கலாம்.

இனி, வேஷத்தைக் கலைப்பது எப்படி? சண்டை பிடித்து அல்ல. குடித்துவிட்டு வந்த நேரத்தில் இந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம்.

வேலையைத் துண்டு துண்டாகக் கேட்காதீர்கள். "அந்த வெங்காயத்த உரிச்சுத் தாங்க" என்றால், உரித்துத் தந்துவிட்டு அவர் இஸ்தோப்பில் போய் உட்கார்ந்துவிடுவார். சமையல் என்ற பொறுப்பு உங்கள் தலையிலேயே நிற்கும். ஒரு முழு வேலையாகக் கொடுங்கள். உதாரணமாக, இரவுச் சோறு. அரிசி இருக்கிறதா என்று பார்ப்பது முதல் பானையைக் கழுவிக் கவிழ்ப்பது வரை அவருடைய வேலை. ஒரு தடவை காட்டிக் கொடுங்கள். பிறகு அந்தப் பக்கம் போகாதீர்கள். இதுதான் கஷ்டம். சோறு குழைந்துவிட்டால் குழைந்த சோற்றைத் தின்னுங்கள். பிள்ளைகளையும் தின்னச் சொல்லுங்கள். "நானே செய்றேன்" என்று கரண்டியைப் பிடுங்கிய நிமிடத்தில் நாடகம் மறுபடியும் ஆரம்பமாகும். மாமியார் வந்து, "எம் மகன அடுப்படியில நிறுத்திட்டாளே" என்று ஒப்பாரி வைத்தால், "அவரு நல்லாத்தான் ஆக்குறாரு, நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க" என்று தட்டை நீட்டுங்கள்.

ஆரம்பத்துக்கு ஏற்றவை, இரண்டு மணிக்குப் பிறகு செய்யக்கூடிய வேலைகள்: தண்ணீர் எடுத்து வைப்பது, விறகு பிளந்து அடுக்குவது, பிள்ளைக் காம்பராவில் இருந்து குழந்தையைக் கூட்டி வந்து கழுவி விடுவது. இவற்றில் "தெரியாது" என்று சொல்ல இடமே இல்லை. பத்து வயது மகனுக்கும் ஒரு வேலை வேண்டும். அவன் தட்டை அவனே கழுவட்டும். அக்காவுக்கு என்ன சட்டமோ அவனுக்கும் அதுவே.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. சில வீடுகளில் வேலையைப் பிரித்துக் கேட்டாலே அடி விழும். அங்கே நாம் மேலே சொன்ன யோசனைகள் உதவாது. அது வேஷமல்ல, வன்முறை. வீட்டு வன்முறையிலிருந்து பாதுகாப்புப் பெற 2005ம் ஆண்டின் 34ம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 1938 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்துப் பேசலாம். தனியாகப் பேசப் பயமென்றால் தோட்டத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் சொல்லுங்கள்.

மற்ற வீடுகளுக்கு ஒரு பயிற்சி தருகிறோம். எமது நாட்டில் 2017ம் ஆண்டில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. அதே கணக்கை உங்கள் காம்பராவிலும் எடுங்கள். பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, காலை நாலரை முதல் இரவு ஒன்பதரை வரை மணியை இடது பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அம்மா, அப்பா, பிள்ளைகள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை. ஒரு சாதாரண வேலை நாளில் யார் எந்த நேரத்தில் என்ன செய்தார்கள் என்று அன்றிரவே நிரப்புங்கள். யாரையும் ஏசாமல், எழுதுகிற பிள்ளையை விட்டு உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு அப்பாவின் வரிசையில் எங்கே வெற்று இடம் இருக்கிறதோ அங்கே அவரே ஒரு வேலையைத் தெரிந்தெடுத்து, தன் கையால் எழுதட்டும். தாளை நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு இன்னொரு தாள் எழுதி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.